டேங்கு சிங்காரவேலு மதராஸில் இருந்த ஞாயிற்றுக்கிழமை

“நான் அங்க வாசிக்க சொல்ல நீங்க இங்க பாக்குறீங்க. அதே நிமிஷம், அதே செகண்டு. மின்னாடியே எடுத்து வச்சி, வெட்டி ஒட்டி ஓட்டுறதெல்லாம் கைமேல நம்பிக்கை இல்லாதவனுக்குப்பா. இந்தக் கைக்கு அது தேவையில்ல.”

எண்பத்து மூன்றாம் ஆண்டு ஆவணி மாதத்தில், வில்லியனூர் கடைத்தெருவில், காஜா மொய்தீன் கடை வாசலில் நின்று, வலது கையைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டி, சிங்காரவேலு வெளியிட்ட பிரகடனம் இது. பிரெஞ்சுக்காரன் மூட்டை கட்டிக்கொண்டு போன நாளில்கூட அந்தத் தெருவில் இவ்வளவு தீர்மானமான பேச்சு எதுவும் கேட்டதில்லை என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். கேட்டவர்கள் மொத்தம் ஆறு பேர். ஆனால் அந்த ஆறு பேரில் ஒருவர் காஜா மொய்தீன். அது அறுநூறு பேருக்குச் சமம்.

காஜா மொய்தீன் விற்றது டார்ச்சு லைட், பேட்டரிக் கட்டை, பூட்டு, குடை. பேட்டரிக் கட்டை விற்கிறவர் என்பதால் மின்சாரம், ரேடியோ, விமானம், இப்போது புதிதாக டெலிவிஷன் ஆகிய சகல துறைகளிலும் கடைசிச் சொல் அவருடையது என்று ஊர் ஒப்புக்கொண்டிருந்தது. அவர்தான் அன்றைக்கு ஆரம்பித்தார்.

“இன்னா டேங்கு, பொட்டியில வரப்போறியாமே?”

“ஆமா பாய். அடுத்த ஞாயித்துக்கெழம விட்டு அதுக்கடுத்த ஞாயிறு. சாயந்தரம் ஏழு மணி.”

“வா, வா, நல்லா வா. ஆனா ஒண்ணு சொல்றேன். பொட்டியில வாசிக்கிறது பெரிய காரியமே இல்ல. எல்லாத்தையும் மின்னாடியே டேப்புல சுத்தி வச்சிடுவான். எவனாச்சும் தப்பு பண்ணான்னா அந்த எடத்த மட்டும் வெட்டிப்புட்டு நல்லத ஒட்டிடுவான். கழுதையக் கூட்டிம்போயி ஒக்கார வச்சாக்கூட வித்துவானா வெளிய வரும்.”

ஐந்து பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு முடியும் முன்பே சிங்காரவேலுவின் கை மேலே போய்விட்டது.

கழுதை என்று சொன்னதற்காக அவருக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது. காஜா மொய்தீன் ஊரில் பாதிப் பேரைக் கழுதை என்பார். மீதிப் பேரைச் சொல்வதற்கு நேரம் போதாது. வேறு காரணம் இருந்தது. அது தெரிய வேண்டுமானால் சிங்காரவேலுவின் வாழ்க்கையைக் கொஞ்சம் பின்னாலிருந்து பார்க்க வேண்டும். அவரே பதினெட்டு வருஷமாக எல்லாவற்றையும் பின்னாலிருந்துதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

வயது நாற்பத்தொன்று. வேலை, வில்லியனூர் கொம்யூன் பஞ்சாயத்தில் தண்ணீர்த் தொட்டி ஆபரேட்டர். வயதானவர்கள் அந்த ஆபீசை இன்னமும் பிரெஞ்சில் மேரி என்றே சொல்வார்கள். ஆகவே சிங்காரவேலு மேரி உத்தியோகஸ்தர். காலை ஐந்தரைக்கும் மாலை நாலரைக்கும் வால்வைத் திருகி ஊருக்குத் தண்ணீர் விடுவார். ஊர் குளிப்பதும் சோறு பொங்குவதும் தன் மணிக்கட்டின் ஒரு திருகலில் அடங்கியிருக்கிறது என்பதை அவர் ஒருநாளும் மறந்ததில்லை. சண்டை போட்ட தெருவுக்குத் தண்ணீர் கொஞ்சம் மெல்ல வரும் என்று ஒரு பேச்சு உண்டு. ருசுவானதில்லை.

தொட்டி நிரம்பும் வரை பம்ப் ரூமில் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டிய உத்தியோகம் அது. சும்மா இருந்த கை இரும்புக் குழாயைத் தட்டிற்று. குழாயிலிருந்து தகர டப்பாவுக்கும், டப்பாவிலிருந்து பஜனை மடத்து டோலக்குக்கும், அங்கிருந்து பாகூர் கோவிந்தராஜின் ‘பூங்குயில் இன்னிசைக் குழு’வுக்கும் அந்தக் கை படிப்படியாக உயர்ந்தது. குழுவில் ஒன்பது பேர். மற்ற எட்டுப் பேரும் பாகூர், தவளக்குப்பம், பண்டசோழநல்லூர்ப் பக்கத்து ஆட்கள். வில்லியனூருக்கு என்று ஒரே பிரதிநிதி சிங்காரவேலு.

மேடையில் கோவிந்தராஜ் நடுவில் வெள்ளை சஃபாரியில் நிற்பார். பக்கத்தில் பாடகி சிவகாமசுந்தரி. அதற்குப் பின்னால் ஆர்மோனியம், கிடார், மற்றதெல்லாம். அதற்கும் பின்னால், ஆள் உயர ஸ்பீக்கர் பெட்டியின் முதுகை ஒட்டி, கால்மடக்கி சிங்காரவேலு. கூட்டத்துக்கு அவர் தெரியமாட்டார். அவருக்குக் கூட்டம் தெரியாது. குழுவின் நோட்டீசில் ஒன்பது முகங்களும் அச்சாகியிருந்தன. கடைசி முகத்தின் மேல்தான் ஒவ்வொரு ஊரிலும் தேதியும் நேரமும் எழுதிய சீட்டை ஒட்டினார்கள். அச்சாகாத வெள்ளை இடம் நோட்டீசில் எவ்வளவோ இருந்தது. இருந்தாலும் ஒட்டுகிறவன் கை அங்கேதான் போயிற்று.

இதையெல்லாம் சிங்காரவேலு பொறுத்துக்கொண்டார். பொறுக்க முடியாதது ஒன்று இருந்தது. ஸ்பீக்கருக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவனுக்குப் பாட்டு கேட்காது. ஜெனரேட்டர் சத்தம் கேட்கும்; பாட்டின் முதுகு கேட்கும். தன் டோலக்கு கூட்டத்தின் காதில் எப்படிப் போய் விழுகிறது என்பது அவருக்குத் தெரியாது. பதினெட்டு வருஷம் சோறு பொங்கிப் போட்டுவிட்டு ஒரு பருக்கையும் வாயில் வைக்காத மாதிரி.

கேட்டுப் பார்த்தார். கச்சேரி முடிந்து கலைகிற கூட்டத்தில் யாரையாவது நிறுத்தி, “எப்டிபா இருந்துச்சி?” என்பார். “நல்லா இருந்துச்சி” என்பார்கள். “டோலக்கு?” என்பார். “அதுவும் இருந்துச்சி” என்பார்கள். ஒருமுறை கோவிந்தராஜ் கேசட்டில் பதிந்து போட்டுக் காட்டினார். அதில் டோலக்கு, அடுத்த தெருவில் யாரோ ஈரக் கோணியை உதறுவதுபோல் கேட்டது. அதை அவர் நம்பவில்லை. மனைவி கமலவேணி பதினெட்டு வருஷத்தில் ஒரே ஒரு கச்சேரிக்கு வந்தாள். முதல் வரிசையில் பாய் விரித்து உட்கார்ந்தாள். மூன்றாவது பாட்டில் தூங்கிவிட்டாள். “தாலாட்டு மாதிரி இருந்துச்சிய்யா” என்று மறுநாள் அவள் சொன்னதைப் பாராட்டாக எடுத்துக்கொள்ள அவருக்கு இரண்டு வாரம் பிடித்தது.

இந்த நிலையில்தான் மதராஸ் டி.வி.யிலிருந்து கடிதம் வந்தது. கிராமப்புற மெல்லிசைக் குழுக்களுக்கு என்று மாதம் ஒரு நிகழ்ச்சி. சபையோர் முன்னிலையில் மேடைக் கச்சேரி. பூங்குயில் குழுவுக்கு இரண்டு பாட்டு. இரண்டாவது பாட்டு பாகூர்த் தமிழாசிரியர் தெய்வநாயகம் மழையைப் பற்றி எழுதியது. அதில் முதல் சரணத்துக்கும் இரண்டாவது சரணத்துக்கும் நடுவில் எல்லா வாத்தியமும் நின்றுவிடும். டோலக்கு மட்டும் தனியாக எட்டுத் தட்டு. பதினெட்டு வருஷம் நச்சரித்து கோவிந்தராஜிடம் வாங்கிய எட்டுத் தட்டு அது. கணக்குப் பார்த்தால் மூன்று விநாடி.

ஆனி மாதம் வேன் வைத்துக்கொண்டு போய்ப் பதிவு செய்துவிட்டு வந்தார்கள். முகத்துக்குப் பவுடர் போட்டார்கள். சிங்காரவேலுவை முதன்முதலாக ஒரு ஸ்பீக்கரும் மறைக்கவில்லை. தலையில் ஏதோ மாட்டிக்கொண்டிருந்த ஒருவர் வந்து விளக்கினார்: “எந்த காமிராவுல செகப்பு பல்பு எரியுதோ அதுதான் உங்களப் பாக்குது. நீங்க அதப் பாக்காதீங்க.”

மற்ற எட்டுப் பேருக்கும் அது சாதாரண பல்பு. சிங்காரவேலுவின் பம்ப் ரூமிலும் ஒரு சிவப்பு பல்பு உண்டு. அது எரிந்தால் தொட்டி நிரம்பிவிட்டது, உடனே எழுந்து மோட்டாரை நிறுத்த வேண்டும், இல்லையென்றால் மேரியிலிருந்து மெமோ வரும் என்று பொருள். தூக்கத்திலும் அந்தப் பல்புக்கு அவர் கை எழும்பும். மழைப் பாட்டில் எல்லா வாத்தியமும் நின்றது. எட்டில் நாலு தட்டியாயிற்று. எதிரில் சிவப்பு பல்பு எரிந்தது. சிங்காரவேலுவின் வலது கை டோலக்கை விட்டுவிட்டு, சுவிட்சைத் தேடி ஆகாயத்தில் போயிற்று.

மீதி நாலு தட்டு மதராஸ் காற்றில் கரைந்தது.

பாட்டை முதலிலிருந்து மறுபடி எடுத்தார்கள். இந்த முறை சிங்காரவேலு கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு வாசித்தார். நெஞ்சு அடித்த அடியில் டோலக்கு எப்படிப் பேசியது என்று அவருக்கே தெரியவில்லை. கோவிந்தராஜ் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “மொதல் வாட்டி என் தொண்ட நல்லா இருந்துச்சி. ரெண்டாவது வாட்டி கொஞ்சம் பிசிறு தட்டிடுச்சி” என்றார். “ரெண்டும் இருக்கு. எது நல்லாருக்கோ அதப் போடுவோம்” என்று சொல்லி அனுப்பினார்கள்.

எது நல்லாயிருக்கும்? தலைவனின் தொண்டையா, கடைசி முகத்தின் எட்டுத் தட்டா? இரண்டு மாதமாக சிங்காரவேலு சாப்பிடும்போதும் வால்வு திருகும்போதும் இதே கேள்விதான். காஜா மொய்தீன் கடை வாசலில் ‘வெட்டி ஒட்டிடுவான்’ என்ற வார்த்தை சரியாக அந்தப் புண்ணில் போய் விழுந்தது. அதனால்தான் கை மேலே போயிற்று.

மதராசுக்குப் போனதைப் பற்றி ஊரில் அவர் முன்பு சொன்னது “ஒரு டெஸ்டுக்குப் போயிட்டு வந்தேன்” என்பதுதான். ஆகையால் பிரகடனத்தைச் சந்தேகிக்க ஊரில் ஒருவருக்கும் காரணம் இல்லை.

அதன் விளைவு என்ன என்பது அன்று சாயங்காலம் கமலவேணி சொல்லித்தான் அவருக்கே தெரிந்தது.

“இன்னாய்யா, தண்ணி புடிக்கிற எடத்துல ஒரே பேச்சா இருக்குது. நேரா வாசிக்கப் போறியாமே?”

“ஆமா. அதுக்கு இன்னா?”

“அதுக்கு இன்னாவா? அப்ப அன்னிக்கி நீ மதராஸ்லதான இருக்கணும்?”

சோறு பிசைந்த கை அப்படியே நின்றது. தெருக்கோடியில் முசே வைத்தியலிங்கம் வீட்டில்தான் ஊரின் முதல் டெலிவிஷன் இருந்தது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக இருந்து, பென்ஷனோடும் ‘முசே’ என்ற மரியாதையோடும் திரும்பியவர். மதராஸ் தெரிவதற்காகத் தென்னை உயரத்துக்குக் குழாய் நட்டு ஆன்டெனா கட்டியிருந்தார். அந்தக் கூடத்தில், பெட்டிக்கு நேர் எதிரில், ஒரு மனிதனுக்குத் தேவையான ஒரு சாண் இடத்தை சிங்காரவேலு இரண்டு மாதமாக மனத்துக்குள் பிடித்து வைத்திருந்தார்.

“முசே வூட்ல ஒக்காந்து பாக்கலாம்னு இருந்தியா?” என்றாள் கமலவேணி. “அங்க வாசிச்சிக்கினே இங்க வந்து பாக்குறதுக்கு நீ இன்னா ரெண்டு ஆளா?”

“தெரியாம சொல்லிட்டேன்டி.”

“அப்ப பாயாண்ட போயி அதச் சொல்லு.”

“சொல்லலாம். அப்பறம் அந்தத் தெருவுல தெனமும் நடக்கணுமில்ல. கழுதைன்னான்.”

கமலவேணி குழம்பை இன்னொரு கரண்டி ஊற்றினாள். அவளுக்குக் கொஞ்சம் இரக்கம் வந்திருக்க வேண்டும். “சரி வுடு. நான் பாத்துட்டு வந்து சொல்றேன். மூஞ்சி தெரிஞ்சிதா, சட்ட நல்லா இருந்துச்சான்னு.”

“சட்டையா? எட்டுத் தட்டு இருக்குது கமலா. ரெண்டாவது பாட்டு, ரெண்டாவது சரணத்துக்கு மின்னாடி. எட்டும் வருதா, நாலோட நின்னு போவுதான்னு பாக்கணும்.”

“அதெல்லாம் எனக்கு இன்னாய்யா தெரியும்? தட்டுன சத்தம் கேட்டா கேட்டுச்சின்னு சொல்றேன்.”

அந்தக் காலத்தில் பெட்டியில் ஒருமுறை ஓடியது ஓடியதுதான். மறுபடி பார்க்க வழியில்லை. சிங்காரவேலு யோசித்தார். வேறு ஊரில், முகம் தெரியாத இடத்தில் நின்று பார்த்துவிட்டால்? மூலக்குளத்தில் புதுப்புது வீடுகள் முளைத்துக்கொண்டிருந்தன. எல்லாம் எங்கெங்கிருந்தோ வந்த ஜனம். யாருக்கும் யாரையும் தெரியாது. அங்கே ரேடியோ ரிப்பேர் கடை ஒன்றில் டெலிவிஷன் பெட்டியைத் தெருவைப் பார்க்க வைத்திருப்பதாகக் கேள்வி. புதன்கிழமை சைக்கிளை மிதித்துக்கொண்டு வேவு பார்க்கப் போனார். கடைக்காரர் இளைஞர், பஷீர் அகமது என்று போர்டில் பெயர். சிங்காரவேலு எங்கோ பார்ப்பதுபோல் பெட்டியைப் பார்த்தார்.

“அண்ணே, நீங்க டேங்கு சிங்காரவேலுதான?” என்றார் பஷீர் அகமது.

சைக்கிள் ஸ்டாண்டு தானாகச் சாய்ந்தது.

“காஜா மொய்தீன் எங்க மச்சான்தாண்ணே. அவரு கடையில உங்களப் பாத்திருக்கேன். எல்லாம் சொன்னாரு. நேரடியா வாசிக்கிறீங்களாமே! ஞாயித்துக்கெழம லீவுதான், இருந்தாலும் உங்களுக்காவ கடையத் தெறக்குறேன். தெரு ஜனத்துக்கே சொல்லி வச்சிட்டேன்.”

பிரகடனம் அவருடைய சைக்கிளை விட வேகமாகப் போயிருந்தது. காஜா மொய்தீன் ஒவ்வொரு பேட்டரிக் கட்டையோடும் அதைச் சேர்த்து விற்றிருக்கிறார். கடைசியில் சிங்காரவேலு தமக்குத் தேவையில்லாத ஒரு ரேடியோ குமிழை வாங்கிக்கொண்டு திரும்பினார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு மணி பஸ்சுக்கு வழியனுப்பு விழா நடந்தது. சிங்காரவேலு குழுவின் ஜரிகைச் சட்டையில், டோலக்கைத் துணிப் பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றார். முசே வைத்தியலிங்கம் மாலை போட்டு, போர்முனைக்குப் போகிறவனுக்கு வைப்பதுபோல் ஒரு சல்யூட் வைத்தார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு காஜா மொய்தீன் முன்னால் வந்தார்.

“டேங்கு, ஒரே ஒரு வேல செய். நேராதான வாசிக்கிற? ரெண்டாவது பாட்டுல எங்களப் பாத்துத் தலைய ஒருவாட்டி ஆட்டு. நான் இங்கேருந்து பாத்துக்குறேன். ஆட்டிட்டன்னா நான் ஒத்துக்குறேன், நீ வித்துவான்.”

“ஆட்டுறேன் பாய்” என்றார் சிங்காரவேலு. வேறு என்ன சொல்ல முடியும்?

பஸ் கிளம்பி, ஊர் கண்ணிலிருந்து மறைந்த மூன்றாவது நிறுத்தத்தில், ‘மதராஸ்’ என்று சொல்லிக்கொண்டு ஏறியவர் இறங்கினார். மாலையைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார். ரயில் பாதையோடு நடந்து, கரும்புக் கொல்லை வழியாக ஊரின் பின்பக்கம் வந்து சேர்ந்தபோது மணி நாலு. பதில் ஆளாக வந்த கண்ணையன் நாலரைக்குத் தண்ணீர் விட்டுவிட்டு, பீடி ஒன்று பிடித்து, மெதுவாகக் கிளம்பிப் போகிறவரை வேலி மறைவில் குந்தியிருந்தார். பிறகு தம்முடைய சொந்த பம்ப் ரூமுக்குள் தாமே திருடன்போல் நுழைந்து, கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார்.

மணி ஆறு. ஆறரை. சன்னல் வழியாகப் பார்த்தால் ஓட்டுக் கூரைகளுக்கு மேல் முசே வீட்டு ஆன்டெனா தெரிந்தது. அந்தக் குழாய் வழியாகத்தான் இன்னும் கொஞ்ச நேரத்தில் தாம் இறங்கி வரப்போகிறோம், ஊரே உட்கார்ந்து பார்க்கப் போகிறது, தாம் மட்டும் இங்கே மோட்டாரைப் பார்த்துக்கொண்டிருக்கப் போகிறோம் என்று நினைத்தார். இது ஸ்பீக்கருக்குப் பின்னால் உட்கார்வதைவிடத் தூரம். அங்கேயாவது பாட்டின் முதுகு கேட்கும்.

கமலவேணி சொல்லுவாள். சட்டை நன்றாக இருந்தது என்பாள். தட்டின சத்தம் கேட்டது என்பாள். எட்டா நாலா என்று கேட்டால் யோசிப்பாள். அவர் மனம் நோகக்கூடாது என்று எட்டு என்றும் சொல்லிவிடுவாள். அதோடு சரி. செத்துப்போகிற வரைக்கும் இனி தெரியாது.

ஏழு மணி ஆனதும் அவரால் உட்கார முடியவில்லை.

தெருவில் ஈ காக்கை இல்லை. நாய்கள்தான் அவரைப் பார்த்துவிட்டு, மதராஸில் இருக்க வேண்டிய ஆளாயிற்றே என்று குரைக்காமல் யோசித்தன. முசே வீட்டு வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. சிங்காரவேலு கொல்லைப் பக்கமாகச் சுற்றிப் போய், பின் சன்னலோரம் பதுங்கி நின்றார். உள்ளே தலைகள், தலைகள், தலைகளுக்கு நடுவே ஒரு விரற்கடை வெளிச்சம். முதல் பாட்டு முடிந்துகொண்டிருந்தது. கைதட்டினார்கள், பெட்டிக்குள் ஒரு கூட்டமும் கூடத்தில் ஒரு கூட்டமும். சபையோர் முன்னிலையில் கச்சேரி என்று அறிவிப்பாளர் ஒரு வார்த்தை சொன்னார். “பாத்தியா, நேராதான்!” என்று உள்ளே யாரோ தீர்ப்பளித்தார்கள்.

மழைப் பாட்டு ஆரம்பித்தது. விரற்கடை வெளிச்சத்தில் கோவிந்தராஜின் சஃபாரி தெரிந்தது, சிவகாமசுந்தரியின் சேலை தெரிந்தது, பிறகு ஓரத்தில் ஒரு முழங்கை. அது தம்முடையது என்று சிங்காரவேலுவுக்குப் பிடிபடவே கொஞ்ச நேரமாயிற்று. தம் முழங்கையை வெளியிலிருந்து யார் பார்த்திருக்கிறார்கள்?

“டேங்கு! டேங்கு தெரியுறான்!”

“எங்கடி, எங்க?”

“அந்த மூலையில பாருடா, டோலக்கு!”

“தலைய பாருங்கப்பா, தலைய பாருங்க” என்று காஜா மொய்தீனின் குரல் அடக்கியது.  டோலக்கு வாசிக்கிற எவனும் தலையை ஆட்டாமல் வாசித்ததில்லை. பெட்டிக்குள்ளிருந்த சிங்காரவேலுவும், ஆனி மாதத்தில், யாரையும் உத்தேசிக்காமல், பொதுவாக ஆட்டினார்.

“ஆட்டிட்டான்!”

“ஆட்டிட்டான்டா! நம்பளப் பாத்து ஆட்டுனான்!”

கூடம் எழுந்து ஆடியது. “ஒத்துக்குறேன்பா, ஒத்துக்குறேன்” என்று காஜா மொய்தீன் இரண்டு கையையும் தூக்கினார். “நேராதான் வாசிக்கிறான். அந்தக் கை கைதான். நான் சொன்னது தப்பு.”

சன்னலுக்கு வெளியே, செம்பருத்திச் செடிக்குப் பின்னால், சிங்காரவேலு முழு வெற்றி பெற்றிருந்தார். இனி அவர் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. விடியும் வரை பம்ப் ரூமில் இருந்துவிட்டு, காலையில் முதல் பஸ்சில் வந்து இறங்குவதுபோல் வந்து நின்றால் மாலை மரியாதைதான். காஜா மொய்தீனே கை தூக்கிவிட்ட பிறகு இந்த ஊரில் மேல்முறையீடு கிடையாது.

ஆனால் ஆட்டிட்டான், ஆட்டிட்டான் என்கிற இரைச்சலில் பாட்டு கேட்கவில்லை. எழுந்து நின்ற முதுகுகளில் அந்த விரற்கடை வெளிச்சமும் போய்விட்டது. முதல் சரணத்தின் கடைசி வரி மட்டும் அங்கங்கே காதில் விழுந்தது. இன்னும் அரை நிமிஷம். சன்னலில் இருந்தது மறுபடியும் ஒரு முதுகு.

சிங்காரவேலு வீட்டைச் சுற்றி வாசலுக்கு வந்தார். செருப்பைக் கழற்றினார். அந்த அவசரத்திலும் அதை ஓரமாக விட்டார். கூடத்துக்குள் போய், மறுபடி உட்காரத் தொடங்கியிருந்தவர்களைத் தாண்டித் தாண்டி, பெட்டிக்கு நேர் எதிரில் போய் நின்றார்.

முதலில் பார்த்தவள் கமலவேணி. வாயில் வைத்த கையை எடுக்கவில்லை. அடுத்து காஜா மொய்தீன் திரும்பினார். பக்கத்து ஆளின் தொடையை அவர் தட்ட, அந்த ஆளும் திரும்பினார். ஒரு நொடியில் கூடத்திலிருந்த அத்தனை தலையும் திரும்பிவிட்டது. கரும்புச் சருகு ஒட்டிய ஜரிகைச் சட்டையும், தோளில் டோலக்குப் பையுமாக நிற்கிற டேங்கு சிங்காரவேலுவை ஊரே பார்த்தது.

அந்த நேரத்தில்தான் பெட்டிக்குள் எல்லா வாத்தியமும் நின்றன.

சிங்காரவேலு மட்டும் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் ஒருவன் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு தட்டினான். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. இங்கே நின்றவரின் வலது கை விரல்கள் மடங்கின. ஐந்து, ஆறு. ஏழு கொஞ்சம் தள்ளி விழுந்தது, விழுந்தாலும் விழுந்தது. எட்டு.

முன்னாலிருந்து கேட்டால் இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது. அவர் நினைத்த அளவுக்குப் பெரிய சத்தம் இல்லை. யாரோ தெரிந்த மனிதர் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுவது மாதிரி இருந்தது. நம் வீட்டைத் தட்டமாட்டாரா என்று தோன்றுவதற்குள் முடிந்துவிட்டது. இன்னும் ஒருமுறை, ஒரே ஒருமுறை கேட்டால் போதும் என்றிருந்தது. கோவிந்தராஜ் இரண்டாவது சரணத்தை எடுத்தார். தொண்டை லேசாகப் பிசிறியது.

முசே வைத்தியலிங்கம் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். பெட்டியைப் பார்த்தார், இவரைப் பார்த்தார்.

“சிங்காரவேலு, நீ இங்க நிக்கிற. அப்ப அது யாரு?”

“அதுவும் நான்தான் முசே” என்றார் சிங்காரவேலு, பெட்டியை விட்டுக் கண்ணை எடுக்காமல். “ஆனி மாசத்து நானு. அப்பவே எடுத்தது. மொதல் வாட்டி தப்பு பண்ணிட்டேன், நாலோட நின்னுடுச்சி. இது ரெண்டாவது வாட்டி வாசிச்சது.”

காஜா மொய்தீன், வெட்டி ஒட்டின இடத்தைத் தேடுகிறவர்போல், பெட்டியை நோக்கிக் கழுத்தை நீட்டினார்.  

“கொஞ்சம் நவுந்துக்க பாய்” என்று சொல்லி, சிங்காரவேலு அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். பாட்டில் இன்னும் ஒரு சரணம் பாக்கி இருந்தது.